போட் மோட்டாருக்கு எந்த ஆயில், வாரன்டி போகாம எப்படி பாத்துக்கறது: புதுசா ஓபிஎம் வாங்கினவங்களுக்கு

புதுசா அவுட்போர்டு மோட்டார் (ஓபிஎம்) வாங்கி ஃபைபர் போட்ல மாட்டினதும் எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "எந்த கம்பெனி ஆயில்ணே நல்லது?" கம்பெனி பேரெல்லாம் மூணாவது விஷயங்க. முதல்ல பாக்க வேண்டியது கேன்ல போட்டிருக்குற கிரேடு, அடுத்தது அத வாங்கின பில்லு. இந்த ரெண்டும் சரியா இருந்தா ஆயில காட்டி வாரன்டிய மறுக்கறது கம்பெனிக்கு கஷ்டம், ரெண்டும் இல்லன்னா விலை கூடின ஆயிலே ஊத்தியிருந்தாலும் அத நிரூபிக்க நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது.

நான் இங்க சொல்றது பெட்ரோல்ல ஓடுற ஓபிஎம் பத்தி மட்டும். லேலண்டு இன்ஜின் போட்ட விசைப்படகு, டீசல் வள்ளம் எல்லாம் வேற கணக்கு, அதுக்கு டீசல் ஆயில்தான், அத இதோட போட்டு குழப்பிக்காதீங்க.

ஸ்டெப் 1: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

மேல் மூடிய கழட்டி பாருங்க. டிப் ஸ்டிக்கும் (ஆயில் அளவு பாக்குற குச்சி) ஆயில் ஊத்துற மூடியும் இருந்தா ஃபோர் ஸ்ட்ரோக். அது ரெண்டும் இல்லாம பெட்ரோல்லயே ஆயில கலந்து ஊத்தணும்னா டூ ஸ்ட்ரோக் (பெரிய டூ ஸ்ட்ரோக் சிலதுல ஆயிலுக்கு தனி டேங்க் இருக்கும்). இது தெரியாதா எங்களுக்குன்னு கேக்காதீங்க, ஒரே கரையில ரெண்டு வகை மோட்டாரும் நிக்கும்போது பக்கத்து போட் கேன எடுத்து அவசரத்துல ஊத்திடறது நடக்குற விஷயம்தான். டூ ஸ்ட்ரோக் ஆயில் பெட்ரோலோட சேர்ந்து எரிஞ்சு போகறதுக்கு செஞ்சது, ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் உள்ளயே சுத்திக்கிட்டு மாசக்கணக்குல தாங்கறதுக்கு செஞ்சது, ஒண்ணு இன்னொண்ணு வேலைய செய்யாது.

ஸ்டெப் 2: டூ ஸ்ட்ரோக்னா கேன்ல "டிசி-டபிள்யூ3" (TC-W3) இருக்கான்னு பாருங்க

இது என்எம்எம்ஏங்கிற அமெரிக்க படகுத்தொழில் சங்கம் குடுக்குற தரம். தண்ணியில குளிர்ற டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்குன்னே வச்சது. பைக் கடையில கிடைக்கிற டூடி (2T, பைக் டூ ஸ்ட்ரோக்) ஆயில் விலை குறைவுதான், ஆனா அது காத்துல குளிர்ற, ரொம்ப சூடா ஓடுற இன்ஜினுக்கு செஞ்சது, அழுக்கு ஒட்டாம இருக்க அதுல உலோகம் கலந்த சேர்மானம் போடுவாங்க. நம்ம மோட்டார் கடல்தண்ணிய இழுத்து குளிர்றதால அவ்வளவு சூடு ஏறாது, அந்த சேர்மானம் முழுசா எரியாம சாம்பலா பிளக்குலயும் பிஸ்டன் தலையிலயும் படியும். டிசி-டபிள்யூ3 ஆயில்ல சாம்பல் தர்ற சேர்மானம் கிடையாது. பிளக் அடிக்கடி கழட்டி துடைக்க வேண்டியிருக்குன்னு சொல்றவங்க முதல்ல அவங்க ஆயில் கேன திருப்பி பாக்கட்டும்.

கலக்குற அளவு மேனுவல்ல இருக்கும், பெரும்பாலும் 50க்கு 1. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 10 லிட்டர் கேனுக்கு 200 மில்லி. புது மோட்டாரோட முதல் சில மணி நேரத்துக்கு 25க்கு 1னு போட்டிருப்பாங்க, அப்போ 10 லிட்டருக்கு 400 மில்லி. மண்ணெண்ணெய்ல ஓடுற மாடலுக்கு அளவு மாறும், அதுக்கு மேனுவல்ல தனி வரி இருக்கும், பெட்ரோல் அளவ அப்படியே போடாதீங்க.

கலக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. முதல்ல கேன்ல பாதி பெட்ரோல், அப்புறம் அளந்து வச்ச ஆயில், மூடிய இறுக்கி நல்லா குலுக்கி, பிறகு மீதி பெட்ரோல், திரும்ப ஒரு குலுக்கு. ஆயில முதல்ல ஊத்தினா அடியில ஒட்டிக்கும். அளக்க கோடு போட்ட பாட்டில் ஒண்ணு தனியா வச்சுக்கோங்க, டீ டம்ளர்ல "இது ஒரு 200 இருக்கும்"னு ஊத்தற பழக்கம் வேண்டாம். கூடுனா புகையும் பிளக் அடைப்பும் வரும், குறைஞ்சா பிஸ்டன் ஜாம். ஆயில் குறைஞ்சு சீஸ் ஆன பிஸ்டன கழட்டினதும் மெக்கானிக்குக்கு பக்கவாட்டு கீறல் பாத்தே தெரிஞ்சிடும், அதுக்கு எந்த கம்பெனியும் வாரன்டி தராது.

ஸ்டெப் 3: ஃபோர் ஸ்ட்ரோக்னா மூணு விஷயம் பாக்கணும்

ஒண்ணு, தடிமன். 10டபிள்யூ-30 இல்ல 10டபிள்யூ-40ன்னு நிறைய மேனுவல்ல இருக்கும். முதல் நம்பர் குளிர்ல ஆயில் எப்படி ஓடும்ங்கறதுக்கு, ரெண்டாவது சூட்டுல எவ்வளவு தடிமனா நிக்கும்ங்கறதுக்கு. நம்ம ஊரு வெயிலுக்கு எது சரின்னு மேனுவல்ல ஒரு வெப்பநிலை பட்டை படம் போட்டிருப்பாங்க, அதுல 30, 40 டிகிரி பக்கம் எந்த கிரேடு வருதுன்னு பாருங்க.

ரெண்டு, ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தர்ற தர எழுத்து. எஸ்ஜி, எஸ்ஜே, எஸ்எல்னு எஸ்ல ஆரம்பிச்சா பெட்ரோல் இன்ஜினுக்கு, "சி"ல ஆரம்பிச்சா டீசலுக்கு. ரெண்டாவது எழுத்து தள்ளிப்போக தள்ளிப்போக புது தரம்.

மூணாவதுதான் நிறைய பேர் விட்டுடறது, "எஃப்சி-டபிள்யூ" முத்திரை. இதுவும் அதே என்எம்எம்ஏ தரம்தான், தண்ணியில குளிர்ற ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு. கார் ஆயிலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, இதுல துருப்பிடிக்காம காக்குதாங்கறத உப்புப்பனியில வச்சே சோதிக்கிறாங்க, தண்ணி கலந்தா ஃபில்டர் அடைக்குதா, நுரை வருதா, தடிமன் உடைஞ்சு போகுதான்னும் பாக்குறாங்க. கார் ஒரு சிக்னல்ல நிக்கும், இறக்கத்துல சும்மா உருளும். போட் மோட்டார் கரைய விட்டு கிளம்பி மடைக்கு (மீன் பிடிக்கிற இடத்துக்கு) போற வரைக்கும் நிமிஷத்துக்கு 4500, 5000 சுத்துல விடாம ஓடும், வண்டிய முழு லோடோட நாள் பூரா மலை ஏத்துற மாதிரி. அதனால கார் ஆயில் ஊத்தினா அன்னைக்கே வெடிச்சிடும்னு நான் சொல்லல, மேனுவல் எஃப்சி-டபிள்யூ கேட்டிருந்தா அத குடுத்துடறது வாரன்டி காலத்துல புத்திசாலித்தனம். சில மேனுவல்ல ஏபிஐ எழுத்து மட்டும் கேட்டு எஃப்சி-டபிள்யூ "கிடைச்சா நல்லது"ன்னு விட்டிருப்பாங்க, அப்போ உங்க இஷ்டம்.

டப்பா மேல மீன் படமும் அலை படமும் போட்டு "மரைன்"னு எழுதியிருந்தா மட்டும் போதாது. பின்னாடி சின்ன எழுத்துல இந்த முத்திரை இருக்கணும்.

ஸ்டெப் 4: கியர் ஆயில மறந்துடாதீங்க

கீழ புரொப்பல்லர் மேல இருக்குற லோயர் யூனிட்டுக்கு தனி ஆயில். எஸ்ஏஇ 90 ஹைபாய்டு, ஜிஎல்-4 இல்ல ஜிஎல்-5, எதுன்னு மேனுவல் சொல்லும். ரெண்டு ஸ்குரூ இருக்கும், கீழ ஒண்ணு மேல ஒண்ணு. கீழ உள்ளத கழட்டிட்டு மேல உள்ளதயும் கழட்டினாதான் ஆயில் இறங்கும். வர்ற ஆயில விரல்ல தொட்டு பாருங்க. வெள்ளையா பால் கலந்த மாதிரி வந்தா சீல் வழியா கடல்தண்ணி உள்ள போயிருக்கு, புது ஆயில் ஊத்தி மறைக்க வேண்டாம், போட்டோ எடுத்துட்டு நேரா டீலர்கிட்ட போங்க. காந்த ஸ்குரூ நுனியில மாவு மாதிரி இரும்புத்தூள் ஒட்டியிருந்தா பயப்பட வேண்டாம், துண்டு துண்டா இருந்தாதான் விஷயம்.

ஊத்தும்போது கீழ் ஓட்டையிலிருந்துதான் ஏத்தணும், மேல் ஓட்டை வழியா வழியிற வரைக்கும். மேலிருந்து ஊத்தினா உள்ள காத்து நின்னுடும். வாஷர் புதுசு போடுங்க. சின்ன காசு மிச்சம்னு பழைய வாஷரையே இறுக்கினா தண்ணி போறதுக்கு வழி அதுதான்.

ஸ்டெப் 5: ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் மாத்தறது

முதல் மாத்தல் 20 மணி நேரத்துல, அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு நிறைய கம்பெனி சொல்லுது, கூடவே ஆறு மாசம் இல்ல ஒரு வருஷம்னு ஒரு காலக்கெடுவும் இருக்கும், எது முன்னாடி வருதோ அது. தினமும் தொழிலுக்கு போற ஆளுக்கு நாளைக்கு 5 மணி நேரம் மோட்டார் ஓடுதுன்னா 20 நாள்ல 100 ஆயிடுது! "வருஷத்துக்கு ஒருமுறை"ங்கறது ஞாயித்துக்கிழமை தூண்டில் போட போறவருக்கு எழுதினது, நமக்கு இல்ல. முதல் 20 மணி நேர மாத்தல மட்டும் எந்த காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீங்க, புது பாகங்க ஒண்ணோட ஒண்ணு உரசி விடுற தூள் எல்லாம் அந்த ஆயில்லதான் இருக்கும்.

மோட்டார கொஞ்சம் சூடு பண்ணிட்டு வடிச்சா அழுக்கோட சேர்ந்து வரும். சூடு பண்ணணும்னா டிரம்ல தண்ணி நிரப்பி, லோயர் யூனிட்ல தண்ணி இழுக்குற ஓட்டை முழுகுற மாதிரி இறக்கி, நியூட்ரல்ல ஓட்டுங்க. தண்ணி இல்லாம ஸ்டார்ட் பண்ணவே கூடாது, உள்ள தண்ணி இழுத்து தள்ளுற ரப்பர் சக்கரம் (இம்பெல்லர்) கொஞ்ச நேரத்துலயே கருகிடும். அப்புறம் ஆஃப் பண்ணி, டிரெயின் போல்ட கழட்டி வடிங்க, மேனுவல் சொல்ற கணக்குப்படி ஃபில்டரும் மாத்துங்க.

டிப் ஸ்டிக் பாக்குறதுல ஒரு சங்கதி. கரையில ஏத்தின போட் ஒரு பக்கமா சாஞ்சுதான் நிக்கும், மோட்டாரும் மேல தூக்கி இருக்கும். அந்த நிலைல பாத்தா அளவு தப்பா காட்டும். மோட்டார நேரா செங்குத்தா இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு, குச்சிய துடைச்சு திரும்ப விட்டு எடுத்து பாருங்க. மேல் கோட்ட தாண்டக்கூடாது. 10 எச்பி பக்கம் உள்ள மோட்டாருக்கு ஒரு லிட்டர் பக்கம்தான் பிடிக்கும், முழு கேனையும் கவுத்துடாதீங்க.

ஊத்தாமலே நாளுக்கு நாள் அளவு ஏறுதா, மோந்து பாத்தா பெட்ரோல் வாடை அடிக்குதா? வலைய பிடிச்சுக்கிட்டு மணிக்கணக்குல மெதுவா ஓட்டும்போது இன்ஜின் சரியா சூடேறாம பெட்ரோல் ஆயில்ல இறங்கும். ஆயில் தண்ணியா போயிடும். உடனே மாத்துங்க, திரும்பவும் ஏறினா டீலர்கிட்ட காட்டுங்க.

ஸ்டெப் 6: பெட்ரோலும் இதுல சேர்த்திதான்

ஆயில் கதையில பெட்ரோல் ஏன்னு கேக்கலாம். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஆனா பல ஓபிஎம் மேனுவல்ல எத்தனால் 10 சதவீதம் வரைதான்னு இருக்கும். எத்தனால் ஈரத்த இழுக்கும், கடற்கரை காத்துல கேன சரியா மூடாம வச்சா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பிரிஞ்சு அடியில தங்கும். பைப்பு இழுக்குறதும் அடியிலிருந்துதான். டூ ஸ்ட்ரோக்ல அந்த அடித்தண்ணியில ஆயில் இருக்காது, அதாவது நீங்க 50க்கு 1 சரியா கலந்திருந்தாலும் பிஸ்டனுக்கு ஆயில் போகல. அதனால ரெண்டு மூணு நாளைக்கு தேவையானத மட்டும் கலங்க, கேன நிறைய வச்சு மூடுங்க. மோட்டார் வாங்கும்போதே டீலர்கிட்ட "இந்த பெட்ரோல் போட்டா வாரன்டி உண்டா?"ன்னு வாட்ஸ்அப்ல எழுதி கேட்டு பதில வாங்கி வச்சுக்கோங்க. வாய்ல சொன்னது நாளைக்கு நிக்காது.

ஸ்டெப் 7: வாரன்டி ஃபைல்

வாரன்டி அட்டையில நீங்க பாக்க வேண்டிய வரி, "கமர்ஷியல் யூஸ்". மீன்பிடிக்கிறது அதுக்குள்ளதான் வரும், சொகுசு படகுக்கு குடுக்குற வருஷக்கணக்கு தொழிலுக்கு பொருந்தாம போகலாம். எத்தன மாசம், எத்தன மணி நேரம்னு வாங்குற அன்னைக்கே கேட்டு எழுதி வாங்குங்க. வாரன்டி ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணிட்டாங்களான்னும் பாருங்க, மானியத்துல மொத்தமா வர்ற மோட்டார்ல இது விட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

ஆயில் வாங்குற ஒவ்வொரு தடவையும் பில்லு கேளுங்க. "இன்ஜின் ஆயில் 1"னு எழுதின பில்லு செல்லாக்காசு, அதுல பிராண்டு, கிரேடு, தேதி இருக்கணும். மிஷின்ல அடிச்சு தர்ற வழவழ பில்லு வெயில்லயும் வேர்வையிலயும் சில மாசத்துல வெள்ளையாயிடும், அன்னைக்கே போட்டோ எடுத்துடுங்க. கிளாம்ப் பக்கத்து தகட்டுல இருக்குற சீரியல் நம்பரையும் ஒரு போட்டோ. மணி நேர மீட்டர் இல்லாத சின்ன மோட்டாருக்கு ஒரு நோட்டு போட்டு, போன நேரம் வந்த நேரம் குறிச்சு, ஆயில் மாத்தின நாள சிவப்புல எழுதுங்க. டீலர் சர்வீஸ்ல விட்டா ஜாப் கார்டு காப்பி வாங்காம வராதீங்க.

"எங்க கம்பெனி ஆயில்தான் ஊத்தணும், இல்லாட்டி வாரன்டி போச்சு"ன்னு கவுண்டர்ல சொன்னா மேனுவல்ல அந்த வரிய காட்டச் சொல்லுங்க. பெரும்பாலும் "எங்க ஆயில பரிந்துரைக்கிறோம், இல்லன்னா இந்த கிரேடுக்கு சமமானது"ன்னுதான் இருக்கும். அமெரிக்காவுல 1975லயே மேக்னசன்-மாஸ்னு ஒரு சட்டம் போட்டு, இலவசமா தராம குறிப்பிட்ட பிராண்டதான் வாங்கணும்னு வாரன்டியில கட்டாயப்படுத்தறத தடுத்தாங்க. இங்க அப்படி நேரடி சட்டம் இல்ல, ஆனா 2014ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்ட உத்தரவுல, வெளியில ரிப்பேர் பாத்தாங்கற ஒரே காரணத்துக்காக வாரன்டிய மொத்தமா ரத்து பண்ணக்கூடாதுன்னும் சொல்லியிருக்கு. அது கார் வழக்கு, அப்பீலுக்கும் போச்சு, அத அப்படியே போட் மோட்டாருக்கு பொருத்த முடியாது. ஆனாலும் கேக்க வேண்டிய கேள்வி அதேதான்: இந்த கோளாறு நான் ஊத்தின ஆயிலாலதான் வந்துச்சுன்னு எப்படி சொல்றீங்க?

கிளெய்ம மறுத்துட்டா

மறுப்ப எழுத்துல கேளுங்க, காரணத்தோட. மோட்டார பிரிக்கறதுக்கு முன்னாடி அதுல இருக்குற ஆயில சுத்தமான ரெண்டு பாட்டில்ல எடுத்து, தேதி எழுதி, ஒண்ண நீங்க வச்சுக்கோங்க. பிரிக்கும்போது பக்கத்துல நின்னு வீடியோ எடுங்க, அது உங்க மோட்டார்.

"நீங்க வியாபாரத்துக்கு வாங்கினீங்க, நுகர்வோர் கோர்ட்டுக்கு போக முடியாது"ன்னு மிரட்டுவாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல இதுக்கு விளக்கமே இருக்கு, சுயதொழில் செஞ்சு பிழைக்கறதுக்காக மட்டும் வாங்கி தானே பயன்படுத்துற பொருள் வணிக நோக்கத்துல சேராது. சொந்த போட்ல தானே கடலுக்கு போறவர் தாராளமா கேக்கலாம், பத்து போட் வாடகைக்கு விடுறவருக்குத்தான் சிக்கல். முதல்ல 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போட்டு பாருங்க, அங்க முடியலன்னா மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்கின பொருளுக்கு மனு கட்டணம் கிடையாது, பிரச்சனை வந்ததுலேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.