பெசாந்த்ரென் கடையில் பிள்ளைகள் தொழில் கற்கிறார்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தோனேசியாவில் மார்க்கக் கல்வி தரும் விடுதிப் பள்ளிகளை பெசாந்த்ரென் என்பார்கள். அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளை சந்த்ரி, பள்ளியை நடத்தும் மார்க்க அறிஞர் (ஆலிம்) கியாய். கூட்டுறவுக் கடை, பேக்கரி, காய்கறித் தோட்டம் என்று ஏதாவது ஒரு தொழில் பல பெசாந்த்ரென்களில் நடக்கிறது. 2019-ஆம் ஆண்டின் பெசாந்த்ரென் சட்டமும் கல்வி, தஃவா எனும் மார்க்க அழைப்புப் பணி ஆகியவற்றோடு சமூக மேம்பாட்டை இப்பள்ளிகளின் பணியாகச் சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

பெரிய தவறு, பள்ளிக்கு வருமானம் வந்தாலே பிள்ளை தொழில் கற்றுவிட்டான் என்று நினைப்பது. அவன் மூட்டை தூக்குகிறான், கல்லாவில் நிற்கிறான். ஆனால் அந்த ரொட்டியின் அடக்கவிலை என்ன, நேற்று எத்தனை வீணாயிற்று, யார் யார் கடன் பாக்கி என்று கேட்டால் தெரியாது. கணக்கு நோட்டு ஆசிரியர் அறையில் இருக்கிறது. அவன் செய்வது கித்மத், அதாவது சேவை. அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. தொழிற்பயிற்சி என்று பெயர் வைக்க வேண்டாம். நோட்டை அவன் கையில் கொடுங்கள். அடுத்த வாரக் கொள்முதலை அவனே முடிவு செய்யட்டும். நஷ்டம் வந்தால் திட்டாமல், எங்கே தவறியது என்று கேளுங்கள். சிறிய நஷ்டத்தை விடுதியிலேயே பார்த்துவிடுவது நல்லது.

கிழக்கு ஜாவாவின் பொனொரோகோவில் 1926-இல் தொடங்கிய கொந்தோர் பள்ளி, சொந்தக் காலில் நிற்பதைத் தன் ஐந்து அடிப்படைப் பண்புகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அங்கே மேல்வகுப்பு மாணவர் அமைப்பின் பொறுப்பில் கூட்டுறவுக் கடையும் உண்டு. பதவிக்காலம் முடிந்ததும் பொறுப்பறிக்கை வாசித்துவிட்டுத்தான் அடுத்த அணியிடம் ஒப்படைக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்தது, வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் பொருளைச் செய்வது. இரண்டு நாள் சோப்புப் பயிற்சி, புகைப்படம், அப்புறம் அலமாரியில் தூசி. பாண்டுங் அருகே மலைப்பகுதியான சிவிடேயில் உள்ள அல்-இத்திஃபாக் பெசாந்த்ரென், சூப்பர்மார்க்கெட்டுகளுக்குக் காய்கறி அனுப்புகிறது. அங்கே விளைவிப்பதோடு வேலை முடிவதில்லை. வாங்குபவர் கேட்கும் தரத்துக்குப் பிரித்து, கட்டி அனுப்பவும் வேண்டும். சந்தை என்றால் என்ன என்று பிள்ளைக்குப் புரிவது அந்தத் தரம் பிரிக்கும் மேசையில்தான்.

ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) வகுப்பில் வியாபாரப் பாடம் ஓதிவிட்டு, அதைக் கடையோடு சேர்க்காமல் விடுவதும் வீண். முதாரபா என்ற கூட்டு வியாபார முறையில் முதல் போட்டவருக்கும் உழைத்தவருக்கும் லாபம் எப்படிப் பிரிகிறது என்பதை, சொந்தக் கடையின் எண்களை வைத்தே சொல்லித் தரலாமே!

பெண் பிள்ளைகளுக்குத் தையலும் சமையலும் மட்டும் போதும் என்று முடிவு கட்டுவதும் தவறுதான். கணக்கும் கொள்முதலும் அவர்களுக்கும் வேண்டும்.

கடைசியாக, படிப்பு முடித்துப் போகும் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புவது. கிழக்கு ஜாவாவின் சிடோகிரி பெசாந்த்ரெனைச் சேர்ந்தவர்களால் 2000-இல் உருவான நிதிக் கூட்டுறவு, சிறு வியாபாரிகளுக்கு முதல் தந்து வளர்ந்தது. இப்படி ஓர் அமைப்பு பக்கத்தில் இருந்தால், கடைசி ஆண்டிலேயே பிள்ளையை அங்கே அழைத்துப் போய், விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று காட்டிக் கொடுங்கள்.