வெள்ளை முகக் கோமாளி: கிரிமால்டி வழியில் அரிதாரம் பூசும் முறை

சர்க்கஸில் பார்க்கும் வெள்ளை முகக் கோமாளிக்கு முன்னோடி ஜோசப் கிரிமால்டி (1778–1837). லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ், கோவென்ட் கார்டன் அரங்குகளில் பாண்டோமைம் என்ற நகைச்சுவை மேடை நாடகங்களில் ஆடியவர். முகமும் கழுத்தும் முழுக்க வெள்ளை, கன்னத்துக்கு ஒரு சிவப்பு முக்கோணம், தடித்த புருவம், அகன்ற சிவப்பு வாய். கடைசி வரிசைக்கும் முகபாவம் எட்ட இதைவிடத் தெளிவான முகம் கிடையாது. ஆங்கிலேயர் கோமாளியை 'ஜோயி' என்று அழைப்பதும் அவர் பெயரால்தான்.

தேவையானவை: எண்ணெய்ப் பசை உள்ள வெள்ளை, சிவப்பு, கறுப்பு மேக்கப், வாசனையில்லாத வெள்ளைப் பவுடர், சுத்தமான பருத்தி சாக்ஸ், பட்ஸ், மெல்லிய பிரஷ் இரண்டு. தண்ணீரில் கரையும் பெயின்ட் வியர்வையில் வழிந்துவிடும். போஸ்டர் கலர் முகத்துக்கு ஆகவே ஆகாது. முதல் நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, அரிக்கிறதா என்று பாருங்கள்.

ஷேவ் செய்து, முகம் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு வெள்ளையைத் தொடுங்கள். அரை டீஸ்பூன் போதும். உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, நெற்றியிலிருந்து கீழே மெல்லிசாகப் பரப்புங்கள். காது, கழுத்து, தாடைக்கு அடிப்பக்கம் விட்டுப்போகக் கூடாது. பிறகுதான் உண்மையான வேலை: விரல் நுனிகளால் முகம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் தடங்கள் மறைந்து, பரப்பு ஒரே சீராகும் வரை, ஐந்து நிமிடமானாலும் தட்டுங்கள். வெள்ளை போதவில்லை என்று மேலும் மேலும் அப்புவதுதான் பலரும் செய்யும் தவறு. கனமாகப் பூசினால் முதல் சிரிப்பிலேயே வாயோரம் வெடித்துவிடும்.

பவுடர் போடும் முன், சிவப்பும் கறுப்பும் வர வேண்டிய இடங்களில் பட்ஸால் வெள்ளையைத் துடைத்தெடுங்கள். துடைக்காமல் மேலே பூசினால் சிவப்பு ரோஸாகும், கறுப்பு சாம்பலாகும். வாயின் எல்லையைக் குறிக்கும் முன் கண்ணாடி முன் நன்றாகச் சிரித்துப் பாருங்கள். கோட்டின் முனை சிரிப்பு மடிப்புக்குள் விழுந்தால் சீக்கிரம் கலையும். முனையைச் சற்று மேலே ஏற்றுங்கள்.

சாக்ஸில் நாலைந்து ஸ்பூன் பவுடர் போட்டு முடிச்சிடுங்கள். கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு முகம் முழுக்க ஒற்றுங்கள். ஒரு நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். பவுடர் எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால்தான் மேக்கப் நிற்கிறது. இதைத் தவிர்த்தால் சட்டைக் காலர் முழுக்க வெள்ளைதான். அடுத்து சிவப்பு, அதற்கும் பவுடர். கறுப்பு கடைசியில். எல்லாம் முடிந்ததும் குளிர்ந்த நீரை லேசாகத் தெளித்து ஒற்றியெடுத்தால் மங்கிய நிறம் பளிச்சென்று மீளும்.

கிரிமால்டியின் முகத்தில் பழகிய பின் உங்களுக்கென்று ஒன்றை உருவாக்குங்கள். ஒரு கோமாளியின் முகத்தை இன்னொருவர் எடுக்கக் கூடாது என்பது தொழிலின் எழுதாத சட்டம். 1946-இல் லண்டனில் ஸ்டான் புல்ட் என்பவர் கோமாளிகளின் முகங்களை முட்டை ஓடுகளில் வரைந்து சேர்க்கத் தொடங்கினார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஒரே வெள்ளையில் புருவத்தை ஒரு விரல்கடை ஏற்றினாலே ஆள் மாறிவிடுவதை அந்த முட்டைகளை வரிசையாகப் பார்த்தால் கற்றுக்கொள்ளலாம்.

கலைக்கும்போது சோப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேங்காய் எண்ணெயோ பேபி ஆயிலோ தடவி, நிறம் இளகியதும் துணியால் வழித்தெடுத்து, பிறகு கழுவுங்கள். காதுமடலின் பின்பக்கத்தையும் பாருங்கள், அங்கேதான் வெள்ளை தங்கிவிடும்.