மர்தபான் வளைகுடாவில் ஏற்றம் வற்றம் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

நம் நாட்காட்டி நம்மை நீர்க்கரைக்கு அனுப்பும் நாட்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாமே அமாவாசையோ பௌர்ணமியோ, அல்லது அதை ஒட்டிய நாளோதான். ஆற்றங்கரையில் தர்ப்பணம் கொடுப்பது, காவடி முடிந்த மறுநாள் குடும்பத்தோடு செட்செ கடற்கரைக்குப் போவது, சைக்காமியில் கடலுக்குள் நிற்கும் யேலே பயா என்ற புத்தர் கோயிலைப் பார்த்து வருவது என்று மியன்மாரின் மர்தபான் வளைகுடாக் கரையில் மோல்மீன், முடோன், தன்பியூசயாட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் தண்ணீருக்குப் போகும் நாட்கள், அந்தத் தண்ணீர் மிக உயரமாக ஏறி, மிக ஆழமாக இறங்கி, மிக வேகமாக ஓடும் நாட்களாகவே அமைந்துவிடுகின்றன. நாளை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். நேரத்தைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

முதல் தவறு, ஊர்க் கடலை மனதில் வைத்து இந்தக் கடலை அளப்பது. நாகப்பட்டினம், இராமநாதபுரம் கரையிலிருந்து வந்த தாத்தாக்களின் பேச்சு இன்னும் நம் வீடுகளில் உண்டு. அங்கிருந்து உறவினர்களும் வந்து போகிறார்கள். சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் சுமார் 1 மீட்டர்தான் வித்தியாசம். பாம்பன், நாகை பக்கம் அதைவிடக் குறைவு. மர்தபான் வளைகுடாவின் தலைப்பகுதியில் அது 6 மீட்டரைத் தாண்டும். இரண்டு மாடி வீட்டின் உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது, அதுவும் ஒரு நாளில் இரண்டு முறை. அகன்று ஆழமில்லாமல் கிடக்கும் வளைகுடா உள்ளே போகப் போகக் குறுகிக்கொண்டே போவதால், நுழைந்த தண்ணீருக்குப் பக்கவாட்டில் இடம் இல்லாமல் மேலே எழும்புகிறது. சித்தௌங் ஆற்றின் முகத்தில் அது சுவர் போன்ற ஓர் அலையாகவே புரண்டு வருகிறது. ‘எங்க ஊர்ல கடல்லயே வளர்ந்தவன்’ என்று சொல்லும் மாமாவைத்தான் செட்செயில் முதலில் கவனித்துக்கொள்ள வேண்டும். அவர் நீச்சலில் குறை இல்லை. அவர் பழகிய கடல் வேறு.

பௌர்ணமி அன்றுதான் ஏற்றம் மிகப் பெரிது என்று நினைப்பது அடுத்த தவறு. உச்சம் வருவது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை நாள் கழித்து. அதாவது கோயிலில் எல்லாம் முடிந்து, களைப்பு தீர, வண்டி பிடித்துக் கடற்கரைக்குப் போகிறோமே, அந்த நாள். ஆண்டு முழுவதும் எல்லாப் பௌர்ணமியும் ஒரே அளவு என்றும் எண்ண வேண்டாம். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேராக நிற்கும் மார்ச், செப்டம்பரை ஒட்டிய ஏற்றங்கள்தான் ஆண்டிலேயே பெரியவை. மாசி மகம், பங்குனி உத்திரம், பர்மியரின் தபவுங் மாதப் பௌர்ணமியான தபவுங் லப்யே எல்லாம் முதலாவதை ஒட்டி வரும். மகாளய அமாவாசை இரண்டாவதை ஒட்டி வரும். இதற்கு மேல் நிலவு பூமிக்கு அருகில் வரும் நாளும் சேர்ந்துகொண்டால் இன்னும் கூடும். அதனால்தான் ஒரே மாதத்தில் பௌர்ணமி ஏற்றம் சாதாரணமாகவும் அமாவாசை ஏற்றம் பயங்கரமாகவும் இருக்கிறது. சில மாதங்களில் நேர் எதிராகவும் நடக்கும்.

பெரியவர்கள் எதையும் தொடங்க வேண்டாம் என்று தள்ளிவைக்கும் அட்டமி, நவமி நாட்களை ஒட்டித்தான் இந்த வளைகுடா மிகச் சாதுவாக இருக்கிறது. நவமி, தசமியில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு, இழுப்பும் குறைவு. குழந்தைகளைக் கடலுக்கு அழைத்துப் போக என்னைக் கேட்டால் அந்த நாட்களைத்தான் சொல்வேன். ஆனால் படகுக்காரருக்கு இது முழு நன்மை இல்லை. ஏற்றம் குறைவென்றால் முகத்துவாரத்து மணல்திட்டின் மேலும் தண்ணீர் குறைவு. பௌர்ணமியில் கடந்த படகு நவமியில் தட்டி நிற்கும்.

நாள் பஞ்சாங்கத்தில் கிடைக்கும், மணி கிடைக்காது. மணிக்குக் கைபேசியை எடுக்கிறோம். பிழைகள் நிறைய நடப்பது அங்கேதான்.

செயலியில் ‘யாங்கோன்’ என்று போட்டு வரும் நேரத்தை வைத்துச் செட்செக்குப் போகிறவர்கள் உண்டு. யாங்கோன் நகரம் ஆற்றின் உள்ளே இருக்கிறது. ஆற்று முகத்தில் இருக்கும் எலிபன்ட் பாயின்ட்டில் உச்சம் வந்த பிறகு, அது நகரத்துக்கு ஏறி வர நேரம் பிடிக்கும். நம் கரையிலும் இதே கதைதான். சைக்காமியில் கடல் உச்சத்துக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் மோல்மீன் படித்துறையில் உச்சம். ஆம்ஹர்ஸ்ட் என்று அன்று அழைக்கப்பட்ட சைக்காமியிலும் மோல்மீனிலும் 1880களிலேயே வெள்ளைக்காரன் தனித்தனியாக அளவுகோல் நட்டு அளந்தான். ஒரே ஆற்றின் வாயும் உள்ளும் என்றாலும் இரண்டுக்கும் கணக்கு வேறு. எனவே செயலியில் முதலில் பார்க்க வேண்டியது நேரத்தை அல்ல, அது எந்த இடத்தின் நேரம் என்பதை.

அடுத்தது கடிகாரம். மியன்மார் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 6:30 முன்னே, தாய்லாந்து 7:00, இந்தியா 5:30. தாய்லாந்து எல்லையிலுள்ள மியவடி, பயதோன்சு பக்கம் போய்வருகிறவர்கள் தாய் சிம் போட்டிருப்பார்கள். கைபேசி தானாகவே அரை மணி முன்னே தள்ளிக்கொள்ளும். சில அட்டவணைகள் உலகப் பொது நேரத்திலேயே அச்சாகியிருக்கும். அரை மணிதானே என்று விட முடியாது. ஏற்றம் சுமார் ஆறு மணி நேரம் நடக்கிறது என்று கொண்டால், அது சமமாக ஏறுவதில்லை. முதல் மணியில் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம், நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. 6 மீட்டர் ஏறும் நாளில் நடு இரண்டு மணி நேரமும் மணிக்கு ஒன்றரை மீட்டர். அரை மணிப் பிசகு என்பது முக்கால் மீட்டர் தண்ணீர். பெரியவர்களுக்கு அது முழங்காலுக்கு மேல், ஐந்து வயதுப் பிள்ளைக்கு நெஞ்சு.

கரை தட்டையாக இருந்தால் இது இன்னும் மோசமாகும். 200 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் இறங்கும் கரை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒன்றரை மீட்டர் ஏறும் தண்ணீர் அங்கே ஒரு மணியில் 300 மீட்டர் உள்ளே வந்துவிடும், நிமிடத்துக்கு 5 மீட்டர். நடந்தே தப்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அது எதிரே மட்டும் வருவதில்லை. வற்றிய மணல்வெளியில் வாய்க்கால் போன்ற பள்ளங்கள் கரைக்கு இணையாக ஓடும். சிப்பி பொறுக்கிக்கொண்டு நீங்கள் கடலைப் பார்த்து நிற்கும்போது, முதலில் நிறைவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பள்ளம்தான். திரும்பிப் பார்க்கும்போது கால் நனையாமல் வந்த வழியில் இடுப்பளவு ஓடும். அதற்குக் கீழே சேறு. வெளியே போகும்போது எத்தனை பள்ளம் தாண்டினோம் என்று எண்ணிக்கொண்டு போங்கள். வற்றம் அடிமட்டத்துக்கு வரும் நேரத்துக்கு முன்பே திரும்பத் தொடங்குங்கள். தண்ணீர் திரும்பிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகு அல்ல.

ஆற்றுக்குள்ளும் வளைகுடாவின் உள்முனையிலும் மேலே சொன்ன பன்னிரண்டு பங்குக் கணக்கையும் நம்ப வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் ஏற்றம் குறுகிய நேரத்தில் வேகமாக முடியும், வற்றம் நீண்ட நேரம் இழுக்கும். கணக்குச் சொல்வதைவிடத் தண்ணீர் சீக்கிரம் வரும் என்று வைத்துக்கொள்வதே அங்கே சரி.

யேலே பயா நடைபாதையிலும் இதேதான். பெரிய ஏற்றத்தில் நடைபாதையின் மேல் தண்ணீர் ஏறிவிடும். அங்கே நிற்கும் தூண்களைப் பாருங்கள். சிப்பி ஒட்டிய கரடுமுரடான பகுதி ஓர் உயரத்தில் முடியும். அதற்கு மேல் பச்சைப் பாசி, அதற்கும் மேல் வெறும் ஈரக்கறை. அந்தக் கறையின் மேல் விளிம்புதான் அண்மையில் தண்ணீர் தொட்ட உயரம். உங்கள் கால் நிற்கும் தளம் அதற்குக் கீழே இருந்தால், திரும்பும் நேரத்தை முடிவு செய்யாமல் உள்ளே போகாதீர்கள். அதோடு பூ விற்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை, ‘அக்கா, இன்னைக்குத் தண்ணி எப்ப ஏறும்?’ என்று. ஓர் இடத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உச்ச ஏற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். அங்கேயே பிழைப்பவர்களுக்கு அந்த நேரம் மனப்பாடம். பிற நாட்களுக்கு, நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப் போகும்.

அட்டவணையில் இருக்கும் மீட்டர் எண்ணையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ‘5.8’ என்றால் கரையில் 5.8 மீட்டர் ஆழம் என்று பொருள் இல்லை. மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய ஒரு கோட்டிலிருந்து எடுத்த உயரம் அது. வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழத்தோடு அதைக் கூட்டினால்தான் அந்த நேரத்து ஆழம் வரும். வரைபடமே இங்கே விரைவில் பழசாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வளைகுடாவின் சேறும் மணலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. சித்தௌங் முகத்துப் பக்கம் கரை அரித்து, ஊர்களே இடம் பெயர்ந்திருக்கின்றன. போன ஆண்டு போன வழி என்பது இந்த ஆண்டு வழி அல்ல.

இத்தனையும் சரியாகப் பார்த்த பிறகும் ஒரு பெரிய தவறு மிச்சம் இருக்கிறது. அட்டவணை நிலவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு. இன்றைய காற்று அதற்குத் தெரியாது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி அடிக்கும் காற்று அதைவிட எத்தனையோ மடங்கு தண்ணீரைக் குவிக்கும். 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவில் ஏறியபோது அமாவாசைக்கு இன்னும் 3 நாள் இருந்தது. புயலின் மையத்தில் அழுத்தம் 962 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியதால் எழுந்தது சுமார் அரை மீட்டர்தான். மீதியெல்லாம் ஆழமற்ற டெல்டாவுக்குள் காற்று தள்ளிய தண்ணீர். 5 மீட்டர் உயரத்துக்குக் கடல் எழுந்தது. இறந்தோரும் காணாமல் போனோரும் 1,38,000 பேருக்கு மேல். அவர்களில் பலருக்குக் காற்றைப் பற்றிய எச்சரிக்கை எட்டியிருந்தாலும், தண்ணீர் வீட்டுக் கூரைக்கு வரும் என்று யாரும் புரியும்படி சொல்லவில்லை. இதை நினைக்காமல் என்னால் புயல் செய்தி கேட்க முடிவதில்லை. எனவே வானிலை அறிவிப்பில் காற்றின் வேகத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கடல் எவ்வளவு உயரும், அந்த நேரத்தில் ஏற்றமா வற்றமா என்று இரண்டையும் கேளுங்கள்.

மியன்மார் வானிலை, நீரியல் துறையின் நிறங்களையும் சரியாகப் பிரித்தறிய வேண்டும். மஞ்சள் என்றால் புயல் உருவாகிவிட்டது, ஆனால் நம் கரையை நோக்கி வரவில்லை. ஆரஞ்சு என்றால் நம் பக்கம் திரும்பிவிட்டது. சிவப்பு என்றால் 12 மணி நேரத்துக்குள் வந்துவிடும். பழுப்பு என்றால் கரையைக் கடந்துகொண்டிருக்கிறது. பச்சை என்றால் ஆபத்து நீங்கியது. சிவப்புக்காகக் காத்திருப்பது தவறு. ஆரஞ்சிலேயே முதியவர்களையும் பிள்ளைகளையும் நகர்த்திவிட வேண்டும். பச்சை வந்ததும் படகை அவிழ்ப்பதும் தவறு. புயல் போன பின்னும் அது எழுப்பிய நீள அலைகள் வந்துகொண்டே இருக்கும்.

புயல் மாதங்கள் ஏப்ரல், மே. பிறகு அக்டோபர், நவம்பர். இடையில் தென்மேற்குப் பருவக்காற்று. ஆடி அமாவாசை அதன் நடுவில் விழுகிறது. அப்போது தன்லுவின், ஜயிங், அத்தரான் ஆறுகள் மூன்றும் மழை வெள்ளத்தோடு மோல்மீனில் சேர்கின்றன. கீழேயிருந்து ஏற்றம் வந்து தடுத்தால் ஊர்ச் சாக்கடைக்கு இறங்க வழி இல்லாமல் தெருவில் தண்ணீர் நிற்கும். படித்துறையின் கடைசிப் படி எங்கே முடிகிறது என்று கலங்கிய நீரில் தெரியாது. தர்ப்பணத்துக்கு இறங்குகிறவர்கள் கைப்பிடிக் கம்பியோ கயிறோ உள்ள துறையாகப் பாருங்கள். எள்ளும் நீரும் விட முழங்கால் ஆழம் போதும்.

அலை உயரம் ‘1.5 மீட்டர்’ என்று அறிவித்தால் அதுதான் மிகப் பெரிய அலை என்று கொள்ளாதீர்கள். உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. தனி ஓர் அலை ஏறக்குறைய அதன் இரு மடங்கு வரை வரலாம்.

கடைசியாக, படகில் ஏறுகிறவர்களுக்கு. உச்ச ஏற்ற நேரமும் நீரோட்டம் நிற்கும் நேரமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஆற்றில் அப்படி இல்லை. மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகும் ஓட்டம் சிறிது நேரம் உள்நோக்கியே போகக்கூடும். நங்கூரம் போட்ட படகுகளைப் பாருங்கள். மூக்கு கடல் பக்கம் இருந்தால் ஓட்டம் இன்னும் உள்ளே வருகிறது. மூக்குகள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் அலைந்தால் ஓட்டம் நிற்கிறது. எல்லாம் ஆற்றின் மேல்பக்கம் திரும்பிவிட்டால் வற்றம் ஓடத் தொடங்கிவிட்டது. முகத்துவாரத்தில் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் அந்த மூன்றாவது நிலையில் வெளியே போகக் கூடாது. வெளியேறும் ஓட்டமும் எதிரே வரும் காற்றும் மோதி, அதே காற்றில் சற்றுமுன் நீளமாகப் புரண்ட அலையைக் குட்டையாக, செங்குத்தாக நிறுத்தும். சின்னப் படகுகள் அதில்தான் கவிழ்கின்றன. ஓட்டம் மீண்டும் நிற்கும் வரை துறையிலேயே இருங்கள். படகுக்காரர் அவசரப்படுத்தினாலும் இறங்கிவிடுங்கள்.