கோதுமை மா உருண்டையில் முளையவியல்: கடலட்டை நமக்கு எப்படி உறவு?

திருகோணமலை மீன்கடையில் கணவாயைப் பார்த்திருப்பீர்கள். உப்புவெளிக் கடலடியில் கிடக்கும் கடலட்டையையும் தெரியும். இரண்டில் எது மனிதருக்கு நெருங்கிய உறவு? கண்ணும் மூளையும் உள்ள கணவாய் என்றுதான் தோன்றும். ஆனால் விடை கடலட்டை. வெளி உருவம் இதைக் காட்டாது, முளையம் (முட்டையிலிருந்து உருவாகும் ஆரம்பநிலை உயிர்) வளரும் விதம் காட்டும்.

பிசைந்த கோதுமை மாவும் காற்றுக் குறைந்த ரப்பர் பந்தும் எடுங்கள்.

படி 1: முளையத்தின் கலப் படைகளை எண்ணுங்கள். புறப்படை, அகப்படை என்று இரண்டே இருந்தால் அது சொறிமுட்டையும் புறாமலை முருகைக்கல்லும் சேர்ந்த கூட்டம். நடுவில் தசை தரும் இடைப்படையும் இருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: நான்கு மா உருண்டைகளை வட்டமாக வையுங்கள். அவற்றுக்கு நேர் மேலே இன்னும் நான்கு வைத்தால் ஆரைப் பிளவு; கடலட்டையின் முட்டை இப்படித்தான் பிரிகிறது. மேல் உருண்டைகளைச் சற்றுத் திருப்பிப் பள்ளங்களில் அமர்த்தினால் சுருளிப் பிளவு. நத்தை, மட்டி, கடற்புழுக்களில் காணலாம். கணவாயும் மட்டியின் இனந்தான். ஆனால் மஞ்சட்கரு நிறைந்த அதன் முட்டை இப்படிப் பிரிவதில்லை, குழம்ப வேண்டாம்.

படி 3: இதுதான் முக்கியம். பந்துதான் முளையம் என்று வையுங்கள். அதைப் பெருவிரலால் உள்ளே அமுக்குங்கள். குழி வருங்காலக் குடல், அதன் வாசல் அரும்பர்த்துளை. முதல்வாய் விலங்குகள் பலவற்றில் அந்த வாசல் வாயாகிறது. கடலட்டையிலும் நம்மிலும் மலவாய் அந்தப் பக்கம் அமைய, வாய் பிறகு வேறிடத்தில் திறக்கிறது. அதனால் இரண்டாம்வாய் விலங்குகள். 1908இல் விலங்கியலாளர் கார்ல் குரொபன் இப்பெயர்களை வைத்தார். முதல்வாய்க் கூட்டத்திலும் துளை மலவாயாகும் சில புழுக்கள் உண்டு. ஆகவே இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இன்று மரபணு ஒப்பீடும் இதே இரு பெருங்கூட்டங்களைத்தான் காட்டுகிறது.

படி 4: இரண்டு உருண்டைகளைப் பிரித்து வையுங்கள். 1891இல் உயிரியலாளர் ஹான்ஸ் டிரீஷ், கடலட்டையின் உறவான கடல் முள்ளெலியின் இருகல முளையத்தைக் குலுக்கிப் பிரித்தார். ஒவ்வொரு கலமும் சிறிய, ஆனால் முழுமையான குடம்பியாக வளர்ந்தது! ஒரே முட்டையில் மனித இரட்டையர் உருவாவதும் இந்த இயல்பால்தான். நத்தையில் அப்படிப் பிரித்தால் முழு உயிர் வராது. எந்தக் கலம் என்னவாகும் என்பது அங்கே முன்னமே பெரும்பாலும் முடிவாகிவிடும்.

சரி, இப்போது இரண்டு தட்டுகள் எடுங்கள். நண்டு, இறால், மட்டி, கணவாய், மண்புழு ஒரு தட்டில்; இவை முதல்வாய் விலங்குகள். கடலட்டை, நட்சத்திர மீன், சூடை மீன், நாம் மற்றதில்; இவை இரண்டாம்வாய் விலங்குகள்.