இரு படகுப் பாய்மரப் பந்தயம்: புதிய நடுவருக்கு வழியுரிமை பார்க்கும் முறை

பல படகுகள் ஓடும் பாய்மரப் போட்டியில் தகராறு பெரும்பாலும் கரைக்கு வந்தபின் விசாரணை அறையில்தான் தீரும். இரண்டே படகுகள் மோதும் மேட்ச் ரேஸில் நடுவர்கள் விசைப்படகில் கூடவே சென்று, சம்பவம் நடந்த சில விநாடிகளில் கொடியை உயர்த்தித் தீர்ப்புச் சொல்கிறார்கள். யோசிக்க நேரமில்லாத வேலை இது. ஆகவே சம்பவத்துக்கு முன்பே யோசித்து முடித்திருக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

உதாரணத்துக்கு எலியட் 6 மீட்டர் படகை எடுத்துக்கொள்கிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது வேமத் கடலில் பெண்கள் மேட்ச் ரேஸ் நடந்தது இந்த வகைப் படகில்தான். ஸ்பெயின் அணி இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவை வென்று தங்கம் பெற்றது. பெண்கள் மேட்ச் ரேஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அந்த ஒரே முறைதான். அதை நீக்கியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

படி 1: நான்கு விதிகளை மனத்தில் பதியுங்கள்

உலகப் பாய்மர அமைப்பின் பந்தய விதிகளில் வழியுரிமையை, அதாவது யார் யாருக்கு ஒதுங்க வேண்டும் என்பதை, தீர்மானிப்பவை 10 முதல் 13 வரையுள்ள விதிகள். காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தால் படகு ஸ்டார்போர்டு டாக்கில் இருக்கிறது, இடப்பக்கத்திலிருந்து வந்தால் போர்ட் டாக்கில் இருக்கிறது.

விதி 10: எதிரெதிர் டாக்கில் இருந்தால் போர்ட் படகு ஒதுங்க வேண்டும். விதி 11: ஒரே டாக்கில் பக்கவாட்டில் இணையாக வந்தால் காற்று வரும் பக்கத்துப் படகு, அதாவது மேற்படகு, ஒதுங்க வேண்டும். விதி 12: ஒரே டாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் பின்னால் வருவது ஒதுங்க வேண்டும். விதி 13: டாக் மாற்றும் படகு, அதன் அணியம் (முன்முனை) காற்றின் நேர்திசையைத் தாண்டியது முதல், காற்றை ஒட்டி ஓடும் திசைக்கு, அதாவது பாய் இயங்கும் அளவில் காற்றுக்கு மிக நெருக்கமான திசைக்கு, வந்து சேரும்வரை ஒதுங்க வேண்டும்.

படி 2: ஆளுக்கொரு படகாக மாறுங்கள்

நடுவர் படகில் இருவர் இருப்பார்கள். போட்டியிடும் படகுகளுக்கு நீலம், மஞ்சள் என்று அடையாள நிறம் உண்டு; நடுவர்களில் ஒருவர் நீலப் படகாகவும் மற்றவர் மஞ்சள் படகாகவும் பேசுவார். படகோட்டியின் இடத்திலிருந்து, 'நான்' என்று தன்மையில், இடைவிடாமல் உரக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்:

"நான் போர்ட். ஒதுங்க வேண்டியது நான். ஒதுங்குகிறேன்."
"நான் ஸ்டார்போர்டு. உரிமை என்னிடம். திசை மாற்றுகிறேன், இடம் தருகிறேன்."

புதிதாக வருபவர்கள் இதைக் கூச்சத்தால் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். நீங்கள் பார்க்காத ஒன்றை உங்கள் கூட்டாளி பார்த்திருக்கிறார் என்பது அவர் வாய்திறந்தால்தான் தெரியும். நடுவர் படகை நிறுத்தும் இடமும் முக்கியம். பெரும்பாலும் பின்னாலிருந்து, இரு படகுகளுக்கும் இடையேயான இடைவெளி தெரியும்படி நில்லுங்கள். உங்கள் படகின் அலை போட்டியாளர்களைத் தொடக்கூடாது.

படி 3: உரிமை கைமாறும் கணத்தைப் பிடியுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காற்றை நோக்கிப் பார்த்தால், தொடக்கக் கோட்டின் இட முனையிலிருந்து நீலப் படகும் வல முனையிலிருந்து மஞ்சள் படகும் உள்ளே வருகின்றன. அதனால் மஞ்சள் ஸ்டார்போர்டில் வருகிறது, நீலம் போர்ட்டில் வருகிறது. விதி 10-இன்படி ஒதுங்க வேண்டியது நீலம். மஞ்சள் நேராக நீலத்தைக் குறிவைத்துத் திரும்பும். அந்த உரிமை அதற்கு உண்டு. ஆனால் விதி 16.1 அதற்கு ஓர் எல்லை வைக்கிறது: உரிமையுள்ள படகு திசை மாற்றினால், மற்றது ஒதுங்குவதற்கு இடம் தர வேண்டும்.

நீலம் தப்பிக்க அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்புகிறது. மஞ்சளும் திருப்புகிறது. இரண்டும் பாய்கள் படபடக்க, வேகமிழந்து அருகருகே நிற்கின்றன. நீலம் இடப்பக்கம், மஞ்சள் வலப்பக்கம். நீலத்தின் அணியம் காற்றின் நேர்திசையைத் தாண்டாதவரை அது இன்னும் போர்ட் படகுதான். ஆகவே அதுவே ஒதுங்க வேண்டும்.

இப்போது நீலம் தாண்டுகிறது. பாய்மரத்தின் உச்சியில் உள்ள காற்றுகாட்டியையும் பாய் பக்கம் மாறுவதையும் பாருங்கள். தாண்டிய கணத்தில் விதி 13 தொடங்குகிறது. நீலம் இன்னும் ஒதுங்க வேண்டிய படகுதான். காற்றை ஒட்டி ஓடும் திசைக்கு அது வந்து சேர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இரண்டும் ஸ்டார்போர்டில் இருக்கின்றன, நீலம் கீழ்ப்படகு (காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கம் இருப்பது), மஞ்சள் மேற்படகு. விதி 11-இன்படி உரிமை நீலத்துக்குப் போகிறது. கூடவே விதி 15 வருகிறது: தன் செயலால் உரிமை பெற்ற படகு, தொடக்கத்தில் மற்றது ஒதுங்க இடம் தர வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது மஞ்சளை. அது உடனே ஒதுங்கத் தொடங்கியதா? வேகமில்லாத படகுக்குச் சுக்கான் எளிதில் கேட்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உடனே தொடங்கி, திறமையான மாலுமி செய்யக்கூடியதையெல்லாம் செய்தும் படகுகள் உரசினால், நீலம் இடம் தரவில்லை. தண்டனை நீலத்துக்கு. மஞ்சள் தாமதித்ததால் படகுகள் உரசினாலோ நீலம் விலகிப் போக நேர்ந்தாலோ, தண்டனை மஞ்சளுக்கு. ஒரே உரசல் இரு வேறு தீர்ப்புகளைத் தரும். அதனால்தான் உரசலை மட்டும் பார்த்தவரால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

படி 4: உறுதியாகத் தெரிந்த கடைசி நிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நீலம் காற்றைத் தாண்டியதா என்பதில் ஐயமா? அப்படியானால் தாண்டவில்லை. பக்கவாட்டு இணைவு ஏற்பட்டதா என்பது தெரியவில்லையா? ஏற்படவில்லை. ஒரு நிலை மாறிவிட்டது என்று உறுதியாகும்வரை பழைய நிலையே தொடர்வதாகக் கொள்வது நடுவர்களின் அடிப்படை நெறி. "இன்னும் போர்ட்… இன்னும் போர்ட்… இப்போது தாண்டியது" என்று சொல்லிப் பழகினால் இது இயல்பாகவே வந்துவிடும்.

படி 5: மிதவையை நெருங்கும்போது தூரத்தைக் கணியுங்கள்

படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய மிதவையைச் சூழ்ந்த பகுதிதான் மிதவை மண்டலம்; மேட்ச் ரேஸில் அது இரண்டு படகு நீளம். எலியட் படகுக்கு 12 மீட்டர். மற்றப் போட்டிகளில் பொதுவாக மூன்று நீளம் என்பதால் பழகிய கண் இங்கே ஏமாறும். முதல் படகு மண்டலத்தை எட்டும்போது இணைவு இருந்தால், வெளிப்பக்கப் படகு உள்பக்கப் படகுக்கு மிதவையைச் சுற்ற இடம் தர வேண்டும். இணைவு இல்லையென்றால் பின்னால் வருவது இடம் தர வேண்டும். எட்டும் அந்தக் கணத்தில் "மண்டலம், இணைவு உண்டு" என்றோ "இல்லை" என்றோ இருவரும் உரக்கச் சொல்லிவிடுங்கள்.

படி 6: கொடி

வழியுரிமைச் சம்பவத்தில் போட்டியாளர் உடனடியாக ஒய் கொடியைக் காட்டினால்தான் நீங்கள் தீர்ப்பளிக்கிறீர்கள். சிவப்பும் மஞ்சளும் சாய்கோடுகளாக இருக்கும் கொடி அது. தண்டனை இல்லையென்றால் பச்சை-வெள்ளைக் கொடி; தண்டனையென்றால் குற்றம் செய்த படகின் நிறத்தில் நீலக் கொடி அல்லது மஞ்சள் கொடி. எதுவானாலும் ஒரு நீண்ட ஒலி. நடுவர் இருவரும் ஒத்துப்போகவில்லையென்றால் பச்சை-வெள்ளையை உயர்த்துங்கள். ஊகத்தில் கொடுத்த தண்டனை ஒரு வெற்றியையே பறித்துவிடும். அதைவிடப் பெரிய அநீதியை நடுவரால் செய்ய முடியாது என்று நான் நம்புகிறேன்.

படி 7: தண்டனைக் கணக்கு

தண்டனை பெற்ற படகு அதை உடனே முடிக்க வேண்டியதில்லை. சிவப்புக் கொடி சேர்ந்து வந்தால்தான் தள்ளிப்போட முடியாது. காற்றை எதிர்த்துச் செல்லும் கட்டத்தில், ஜைப் செய்து (படகின் பின்முனை காற்றைக் கடக்கத் திருப்பி) மீண்டும் காற்றை ஒட்டிய திசைக்கு வர வேண்டும். காற்றோடு செல்லும் கட்டத்தில், டாக் செய்து (அணியம் காற்றைக் கடக்கத் திருப்பி) மீண்டும் கீழே திரும்ப வேண்டும். ஒருவருக்குத் தண்டனை பாக்கி இருக்கும்போது மற்றவர் தண்டிக்கப்பட்டால், இருவர் கணக்கிலும் ஒவ்வொன்று கழியும். பாக்கி இரண்டுக்கு மேல் போனால் கறுப்புக் கொடி, ஆட்டம் முடிந்தது. கணக்கை நீரில் நனையாத பலகையில் குறித்து வையுங்கள். தண்டனை சரியாக முடிந்ததும் ஒரு குறுகிய ஒலி கொடுத்துவிட்டு, யார் எந்த டாக்கில் இருக்கிறார் என்று உடனே மறுபடியும் சொல்லத் தொடங்குங்கள்.