உச்சியிலிருந்து போட்ட காசு மண்டையைத் துளைக்குமா? சோதித்துப் பார்க்கும் முறை

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு சென்ட் காசைப் போட்டால், கீழே போகிறவரின் மண்டையைத் துளைத்துவிடும் என்று ஒரு பழைய கதை உண்டு. சோதிக்க அவ்வளவு உயரம் ஏறத் தேவையில்லை. காசு என்ன வேகத்தில் வந்து மோதும் என்று தெரிந்தால் போதும். அதைப் பத்து மீட்டர் உயரத்திலேயே ஏறக்குறைய அளந்துவிடலாம்.

முதலில் தாளில் கணக்கு. காற்றே இல்லாவிட்டால் 381 மீட்டரிலிருந்து விழும் காசு விநாடிக்கு 86 மீட்டர் வேகம் எடுக்கும். 2.5 கிராம் எடைக்கு அது சுமார் 9 ஜூல் ஆற்றல். கதைக்கு உயிர் கொடுப்பதே இந்த எண்தான். ஆனால் 19 மி.மீ. விட்டமுள்ள காசு தட்டையாக விழும்போது விநாடிக்கு 11 மீட்டரை ஒட்டியே காற்றுத்தடை அதன் எடைக்கு ஈடாகிவிடும்; அதற்கு மேல் வேகம் ஏறாது. ஆற்றல் வெறும் 0.15 ஜூல். புரளாமல் விளிம்பு கீழே பார்த்தபடியே வந்தால் வேகம் விநாடிக்கு 36 மீட்டர் வரை போகலாம், அதாவது 1.6 ஜூல். நிஜத்தில் காசு அப்படி நிலையாக விழாது. ஆனாலும் சோதனையில் இந்த மோசமான நிலையையும் சேர்க்க வேண்டும்.

வேகம் அளக்க, ஆள் வராதபடி அடைத்த மாடிப்படிக் கிணறு (படிகளுக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை உள்ள திறந்த இடைவெளி) வேண்டும். பத்து மீட்டரில் காசு தன் இறுதி வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். தரையருகே கைபேசியை விநாடிக்கு 240 படங்கள் என்று வைத்துப் பதிவு செய்யுங்கள். 10 மீட்டர் வேகத்தில் காசு ஒரு படத்துக்கு 4 செ.மீ. நகரும். பலர் சறுக்குவது அளவுகோலில்தான். அதைப் பின்சுவரில் ஒட்டினால், முன்னால் விழும் காசின் வேகம் கூடுதலாகத் தெரியும். காசு விழும் அதே தளத்தில் கோலை நிறுத்துங்கள். வெளிச்சம் போதாவிட்டால் காசு வெறும் கோடாகத்தான் பதிவாகும்.

அடுத்து இலக்கு: தசைக்கு மாற்றாக ஒரு ஜெல் கட்டி. 300 கிராம் ஜெலட்டின் தூளை 2.7 லிட்டர் குளிர்ந்த நீரில் தூவி, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, மெதுவாகச் சூடாக்கிக் கரையுங்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஜெல் வலுவிழக்கும். நுரையை வழித்துவிட்டு 10×15×20 செ.மீ. அச்சில் ஊற்றி, 4 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். வெளியே எடுத்ததும் சோதனையைத் தொடங்கிவிடுங்கள். அறை வெப்பத்தில் அது சீக்கிரம் இளகி, எதை எறிந்தாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும்.

காசை எறியுமுன் இலக்கையே சோதியுங்கள். 100 கிராம் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை பிவிசி குழாய் வழியாக, முனை கீழே இருக்க, 1.6 மீட்டரிலிருந்து விடுங்கள். இதுவும் ஏறக்குறைய 1.6 ஜூல்தான். முனை ஜெல்லுக்குள் இறங்காவிட்டால் அந்தக் கட்டி எதையும் காட்டிக்கொடுக்காது. காசு துளைக்கவில்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பிறகு காசு: முதலில் பத்து மீட்டரிலிருந்து, அடுத்து கவணால் 36 மீட்டர் வேகத்தில். கவண் வேலைக்கு மூடிய பெட்டியும் பாலிகார்பனேட் கண்ணாடியும் கட்டாயம். தெறித்துவரும் காசு கண்ணைக் கெடுக்கும்.

ஜெல் தசைக்குத்தான் மாற்று, எலும்புக்கு அல்ல. அதில் கீறல் விழுந்தால் மண்டையோடு துளைபட்டதாக எழுதிவிடாதீர்கள். அதற்கு 6 அல்லது 7 மி.மீ. பாலியூரித்தேன் செயற்கை எலும்புத் தகட்டை ஜெல்மேல் வைத்து மறுபடி அடிக்க வேண்டும்.

எத்தனை முறை? 20 முறையும் துளைக்காவிட்டால், வாய்ப்பு 15 சதவீதத்துக்குக் கீழே என்றுதான் 95 சதவீத உறுதியுடன் சொல்லலாம் (மூன்றைச் சோதனை எண்ணிக்கையால் வகுத்தால் வருவது). 5 சதவீதம் என்று சொல்ல 60 முறை வேண்டும். அறிக்கையில் 'துளைக்காது' என்று மட்டும் போடாமல் வேகம், ஆற்றல், எந்த இலக்கு, எத்தனை முறை என்று நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.