எந்த அச்சு முறை உங்கள் கைக்குச் சரிப்படும்?

அச்சு ஓவியம் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது என்ன கருவி வாங்கலாம் என்றுதான். அதற்கு முன் உங்கள் பழைய ஸ்கெட்ச் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய வடிவங்களே அதிகம் என்றால் லினோ (உளியால் செதுக்கக்கூடிய மெத்தென்ற லினோலியம் தகடு) அல்லது மரக்கட்டை. மெல்லிய கோடுகளும் கீறல்களும் நிறைய இருந்தால் செப்புத் தகடு. பென்சிலின் சொரசொரப்பு அப்படியே வேண்டும் என்பவர்களுக்கு லித்தோகிராபி, அதாவது கல்லில் வரைந்து அச்சடிக்கும் முறை, இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை மட்டும் நம்பி 1796 வாக்கில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனெஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த முறை. ஆனால் அதற்குச் சுண்ணாம்புக் கல்லும் தனி பிரெஸ்ஸும் (தாளை அழுத்தி அச்செடுக்கும் இயந்திரம்) வேண்டும், வீட்டில் தொடங்குகிற வேலையில்லை.

நான் லினோவில்தான் தொடங்கச் சொல்வேன். பிரெஸ் தேவையில்லை, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தாலே அச்சு விழும். லினோ விறைப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், உளி வழுக்காமல் இறங்கும். உளி போகும் பாதையில் இன்னொரு கை இருக்கவே கூடாது. படம் இடவலம் மாறி விழும் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் என் முதல் கட்டையில் எழுத்துகளை நேராகச் செதுக்கி வைத்தேன், இரண்டு நாள் வேலை போச்சு. மையை மெல்லிசாகப் பல தடவை உருட்டுங்கள். உருளையில் சன்னமாக ஒரு சரசரப்புக் கேட்டால் அளவு சரி, சத்தம் சளசளவென்று மாறினால் மை அதிகம், நுணுக்கமான கோடெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

பல வண்ணம் வேண்டுமா? ஒரு நிறத்தை எல்லாத் தாளிலும் அடித்துவிட்டு, அதே கட்டையை அடுத்த நிறத்துக்கு மேலும் மேலும் செதுக்கிக்கொண்டே போகும் முறை ஒன்று உண்டு. பின்னால் திரும்ப வழியில்லை, அதனால் பத்து பிரதி வேண்டுமென்றால் முதல் நிறத்தையே பதினைந்து தாளில் அடித்துவிடுங்கள், நடுவில் சில கட்டாயம் கெடும்.

அப்புறம் கோட்டின் மேல் ஆசை விடாதவர்கள் டிரைபாயிண்டுக்குப் போகலாம். தகட்டை அரிக்க அமிலம் வேண்டாம், செம்பிலோ அக்ரிலிக் தகட்டிலோ ஊசியால் கீறினால் போதும். கீறலின் ஓரத்தில் எழும் பிசிரில் மை தங்குவதால்தான் அந்த வெல்வெட் மாதிரியான கறுப்பு கிடைக்கிறது. பிரெஸ்ஸில் நசுங்கி நசுங்கி அந்தப் பிசிர் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆகவே நல்ல பிரதிகள் கொஞ்சம்தான் தேறும். தாளை நனைத்து, மேலே ஈரம் மினுக்காத அளவுக்கு ஒற்றி எடுத்துப் போடுங்கள். உலர்ந்த தாள் கீறலுக்குள் இறங்கி மையை எடுக்காது.